பாம்புக்கும் விருந்து மிகலாகாது

ஈஜிபுராவில் நம் அன்பர் ஒருவரின் மைந்தன், அஞ்சினால் பந்துபோற் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஒன்றை வளர்த்து வருகிறான். வாரந்தவறாமல் எலி ஊட்டிக் கொழுக்க வைத்திருப்பதாக அவன் பெருமையுடன் கூறியபோது நமக்குக் கவலையே தோன்றிற்று. இரை தேடி அலையாது பதுங்கிக் காத்திருக்கும் பிராணி அது. பல வாரம் உண்ணாதிருக்கவும் வல்லது. கூண்டில் அடைபட்ட நிலையில் ஓயாது விருந்து வைத்தால் ஈரலிற் கொழுப்பு ஏறும். நடுவுடல் பருத்திருப்பது அதன் இயல்பே. ஆயினும் நெளியும்போது தோல் மடிந்து, செதில்களினிடையே வெளித் தெரியுமாயின் அது நோயின் அறிகுறி. வளர்ந்த பாம்புக்கு, அதன் பருமனை மிஞ்சாத எலியொன்று இரண்டு மூன்று வாரங்கட்கு ஒருமுறை போதும். மாதந்தோறும் தராசில் நிறுத்துக் குறித்து வைத்தல் நலம்.

குளிரோ அதனினும் பொல்லாதது. மார்கழி இரவுகளில் பெங்களூரின் வெப்பம் 15 டிகிரிக்கு அருகே இறங்குகிறதன்றோ? இரையுண்டபின் குளிர்ந்த பாம்பு அதனைக் கக்கிவிடும், மூச்சுநோயும் பற்றும். கூண்டின் ஒரு புறம் 32 டிகிரியும், மறுபுறம் 25-க்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். தெர்மோஸ்டாட் இன்றி வெப்பத்தகடு வைத்தால் வயிற்றுத்தோல் வெந்துபோம்.

நம் நாட்டு மலைப்பாம்பை வீட்டில் வளர்த்தல் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இத்தகைய அயல்நாட்டுப் பாம்பையும் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு செய்தாக வேண்டும். இதனைக் கேட்ட தந்தையார் திடுக்கிட்டு, மறுநாளே விண்ணப்பம் எழுத அமர்ந்தார்.