அச்சகத் தொழிலாளிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுங்கள்!

உங்கள் வீட்டுச் சுவரைப் பாருங்கள். காலண்டர் தொங்குகிறது. அலமாரியைப் பாருங்கள். பிள்ளைகளின் பாடப்புத்தகம், கல்யாணப் பத்திரிகை, தீப்பெட்டி, மருந்துப் பெட்டி. இவை எல்லாம் ஏதோ ஓர் அச்சகத்தில் இருந்து வந்தவை. சிவகாசியில் இருந்து வந்தவையும் இவற்றில் இருக்கும்.

அச்சகம் என்றதும் நமக்கு மை நினைவுக்கு வரும். எந்திரத்தின் சத்தம் நினைவுக்கு வரும். ஆனால், அங்கே காலை முதல் மாலை வரை நடப்பது கணக்கு!

அது பெரிய கணக்கு அல்ல. பெருக்கலும் வகுத்தலும்தான். கூடவே ஓர் அடிக்கோல் வேண்டும்.

இந்தச் சின்னக் கணக்குத் தெரியாததால், இருபது ஆண்டு வேலை பார்த்தும் தாள் சுமப்பவராகவே இருப்பவர்கள் உண்டு. கணக்குத் தெரிந்தவர் வெட்டும் எந்திரத்துக்குப் போகிறார். பிறகு போர்மேன் ஆகிறார். சம்பளமும் கூடுகிறது.

அச்சகத்தில் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் மாதத்திலேயே இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதுதான் என் கருத்து.

ஒரே தாள், இரண்டு கணக்கு

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள்.

ஒருவர் 10,000 நோட்டீஸ் கேட்கிறார். ஒரு நோட்டீஸ் 7 அங்குல அகலம், 9 அங்குல உயரம். அச்சகத்தில் இருப்பது 20-க்கு 30 அங்குலத் தாள். "டபுள் கிரவுன்" என்பது இதன் பெயர்.

ஒரு தாளில் எத்தனை நோட்டீஸ் வரும்?

20 அங்குலத்தில் 7 அங்குலம் இரண்டு முறை போகும். 30 அங்குலத்தில் 9 அங்குலம் மூன்று முறை போகும். இரண்டு மூன்று ஆறு. ஆக, 6 நோட்டீஸ்.

இப்போது நோட்டீசைக் குறுக்கே திருப்பி வையுங்கள். 20 அங்குலத்தில் 9 அங்குலம் இரண்டு முறை. 30 அங்குலத்தில் 7 அங்குலம் நான்கு முறை. இரண்டு நான்கு எட்டு. ஆக, 8 நோட்டீஸ்!

தாள் அதேதான். நோட்டீசும் அதேதான். முதல் வழியில் 1,667 தாள் வேண்டும். இரண்டாவது வழியில் 1,250 தாள் போதும். மிச்சம் 417 தாள்.

ஒரு ரீம் என்பது 500 தாள். அதில் பெரும்பகுதி, திருப்பி வைத்துப் பார்க்காத ஒரே காரணத்தால் குப்பைக்குப் போகிறது. அந்தக் காசு யாருடையது? அச்சடிக்கக் கொடுத்தவருடையது. அல்லது முதலாளியுடையது. திட்டு வாங்குபவர் மட்டும் தொழிலாளி.

அங்குலமும் சென்டிமீட்டரும்

மெட்ரிக் அளவுக்கான சட்டம் நம் நாட்டில் 1956-ல் வந்தது. 1958-ல் இருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஆனாலும், அச்சகத்தை விட்டு அங்குலம் போகவில்லை. தாளை அங்குலத்தில் சொல்கிறார்கள். எந்திரத்தில் மில்லிமீட்டரில் வைக்கிறார்கள். இரண்டும் தெரிந்தால்தான் பிழைக்கலாம்.

ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர். "இரண்டரை என்று வைத்துக்கொள்ளலாமே" என்று சிலர் நினைக்கலாம். 30 அங்குலத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். இரண்டரை என்றால் 75 சென்டிமீட்டர் வரும். சரியான கணக்கு 76.2 சென்டிமீட்டர். 12 மில்லிமீட்டர் குறைந்துவிட்டது!

அச்சு எந்திரம் தாளின் ஓரத்தைக் கவ்வி இழுக்கும். அந்த ஓரத்தில் எழுத்து வைக்க முடியாது. அதற்கு விடும் இடமே சுமார் 10 மில்லிமீட்டர்தான். 12 மில்லிமீட்டர் தப்பானால் வேலையே கெட்டுவிடும். வெட்டிய தாளை ஒட்டவா முடியும்?

தராசு காட்டிக்கொடுக்கும்

தாளின் கனத்தை "ஜி.எஸ்.எம்." என்று சொல்வார்கள். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள தாள் எத்தனை கிராம் என்பதே அதன் பொருள். 80 ஜி.எஸ்.எம். என்றால் அந்தத் தாள் 80 கிராம்.

ஒரு ரீம் எத்தனை கிலோ? நீளத்தையும் அகலத்தையும் சென்டிமீட்டரில் எடுத்துப் பெருக்குங்கள். ஜி.எஸ்.எம். எண்ணாலும் பெருக்குங்கள். வந்ததை 20,000-ல் வகுங்கள். அதுதான் கிலோ.

ஜெராக்ஸ் கடையில் உள்ள "ஏ-4" தாள் 21-க்கு 29.7 சென்டிமீட்டர். 80 ஜி.எஸ்.எம். தாள் ஒரு ரீம் 2 கிலோ 495 கிராம் வரும். அதுவே 70 ஜி.எஸ்.எம். என்றால் 2 கிலோ 183 கிராம்தான். மேலே 80 என்று போட்டு உள்ளே 70 வைத்திருந்தால் தராசு காட்டிக்கொடுத்துவிடும். இந்தக் கணக்குத் தெரிந்த தொழிலாளி இருக்கும் அச்சகத்தை யாரும் ஏமாற்ற முடியாது.

மடித்தால் புத்தகம்

புத்தகம் கட்டும் பிரிவில் பெண்கள் வேலை செய்கிறார்கள். மடிப்பதும் அடுக்குவதும் எண்ணுவதும் அவர்கள் கைவேலை. அவர்களுக்கும் இந்தக் கணக்கு வேண்டும்.

ஒரு தாளை ஒரு முறை மடித்தால் 4 பக்கம். இரண்டு முறை மடித்தால் 8. மூன்று முறை மடித்தால் 16. இந்த 16 பக்கத்தை ஒரு பாரம் என்பார்கள். 160 பக்கப் புத்தகத்துக்கு 10 பாரம்.

16 பக்கங்களையும் தாளில் வரிசையாக வைக்க முடியாது. 1-ஆம் பக்கத்துக்குப் பக்கத்தில் 16 வரும். 2-க்குப் பக்கத்தில் 15 வரும். 8-க்குப் பக்கத்தில் 9 வரும். எந்த ஜோடியைக் கூட்டினாலும் 17! இது தெரிந்தவர் பக்கம் மாறியிருந்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார். தெரியாவிட்டால் புத்தகம் கட்டி முடித்த பிறகுதான் தெரியும். அதற்குள் ஆயிரம் பிரதி போயிருக்கும்.

முன்னூறு ஆண்டுக்கு முன்னால்

இந்தக் கவலை நேற்று வந்தது அல்ல. தரங்கம்பாடியில் சீகன்பால்க் அச்சுக்கூடம் நடத்தினார். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அங்கே அச்சாகி முடிந்தது. அவருக்கு ஜெர்மனியில் இருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரியவை. பெரிய எழுத்து என்றால் பக்கம் கூடும். பக்கம் கூடினால் தாள் கூடும். தாளோ கடல் கடந்து வரவேண்டும். எனவே, தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள்.

தாளை அளந்து செலவு செய்ததால்தான் அந்தப் பெரிய புத்தகம் முடிந்தது.

கம்ப்யூட்டர் இருக்கிறதே?

"இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. தொழிலாளிக்குக் கணக்கு எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள்.

கம்ப்யூட்டர் நல்ல கருவி. ஆனால், 7 என்பதற்குப் பதில் 9 என்று தட்டினால், 9-க்குத்தான் அது விடை சொல்லும். அந்த விடை சரியா, தப்பா என்று சொல்ல மனிதர் வேண்டும். 10 ரீம் வேண்டிய வேலைக்கு 100 ரீம் என்று சீட்டு வந்தால், "இது இருக்காதே!" என்று சொல்பவர் யார்? மனக்கணக்குத் தெரிந்த தொழிலாளி.

"கற்றுக்கொடுத்தால் வேறு அச்சகத்துக்குப் போய்விடுவார்" என்று சில முதலாளிகள் பயப்படலாம். கற்றவர் போனால் ஓர் ஆள் நட்டம். கற்காதவர் இருந்தால் நாள்தோறும் தாள் நட்டம். இரண்டில் எது பெரிய நட்டம்?

கற்ற தொழிலில் சூட்சுமத்தை மறைத்து வைக்கும் மூத்தவர்களும் உண்டு. அந்த வழக்கம் போக வேண்டும்.

என்ன செய்யலாம்?

வெட்டும் எந்திரத்துக்கு மேலே சுவரில் ஓர் அட்டவணை மாட்டுங்கள். தாளின் பெயர், அங்குலம், சென்டிமீட்டர், ஒரு ரீம் எடை. எல்லாம் தமிழில் இருக்கட்டும்.

புதிதாகச் சேருபவருக்கு வாரம் ஒரு மணி நேரம், வேலை நேரத்திலேயே, கணக்குச் சொல்லிக்கொடுங்கள். கழிவுத் தாளையும் ஓர் அடிக்கோலையும் கையில் கொடுங்கள். அதுவே பள்ளிக்கூடம். நன்றாகக் கற்றவருக்குச் சம்பளத்தில் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். மிச்சமாகும் தாளிலேயே அந்தப் பணம் வந்துவிடும்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைக்குப் பழைய செய்தித்தாள் ஒன்றைக் கொடுங்கள். அளக்கச் சொல்லுங்கள். மூன்று முறை மடித்துப் பக்க எண் போடச் சொல்லுங்கள். கணக்கு என்றால் பயப்படும் பிள்ளைக்கும் அது விளையாட்டாக இருக்கும்.

அச்சகத்தில் வேலை செய்யும் தம்பி, தங்கைகளே! சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று உட்கார்ந்துவிடாதீர்கள். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்று வந்த தாளின் அளவு என்ன? ஒரு தாளில் எத்தனை துண்டு வந்தது? கழிவு எவ்வளவு? நாள்தோறும் எழுதுங்கள். ஆறு மாதத்தில் அந்த நோட்டே உங்களுக்கு ஆசிரியர் ஆகிவிடும்!