அந்த நீல வளையத்தில கை வைக்காதேங்கோ

போன செமஸ்டர், அசைன்மென்ட் குடுக்க வேண்டிய கடைசி நாள். லேப்டொப்பின் டச்பேட் செத்துப்போச்சு. மவுஸும் இல்லை. டெப் கீயைத் தட்டித் தட்டிப் போவம் எண்டு தொடங்கினேன். திரையில் ஒரு மாற்றமும் இல்லை. எந்த லிங்க்கில் நிற்கிறேன் என்று தெரியாமலே என்டரை அழுத்த, லொக் அவுட் ஆகிவிட்டது.

எனக்கு அது ஒருநாள் எரிச்சல். கை நடுங்குகிறவருக்கு, மவுஸைப் பிடிக்க ஏலாதவருக்கு அது ஒவ்வொரு நாளும்.

டெப் தட்டும்போது, நாங்கள் நிற்கிற லிங்க்கைச் சுற்றி பிரவுசர் ஒரு கோடு போடும். அதுதான் ஃபோகஸ் அவுட்லைன். ஆனால் பிரவுசருக்குப் பிரவுசர் அது வேறு. குரோமில் நீல வளையம் வந்தது, பயர்பொக்ஸில் புள்ளிக்கோடு. மக்கில் சஃபாரி, செட்டிங்கை மாற்றாவிட்டால், டெப்புக்கு லிங்க்குகளைத் தாண்டியே போய்விடும். சில இடங்களில் மவுஸால் கிளிக் பண்ணினாலும் கோடு வந்து நிற்கும். டிசைன் செய்பவர்களுக்கு இது அசிங்கமாகப் பட்டது. ஒரே வரியில் கதையை முடித்தார்கள்: 'அவுட்லைன்: நன்'.

எரிக் மேயர் 2007இல் வெளியிட்ட ரீசெட் சிஎஸ்எஸ்ஸிலும் கோட்டை நீக்குகிற வரி இருந்தது. உங்கள் ஃபோகஸ் ஸ்டைலைப் போட மறக்க வேண்டாம் என்ற குறிப்பும் பக்கத்திலேயே இருந்தது. பலர் வரியைக் கொப்பி அடித்தார்கள், குறிப்பை விட்டுவிட்டார்கள். 2011 பதிப்பில் அவரே அந்த வரியை எடுத்துவிட்டார். கீபோர்ட் ஃபோகஸ் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று இணைய அணுகல் வழிகாட்டி 2008இலேயே சொல்லிவிட்டது.

இப்ப சாட்டுச் சொல்லவும் ஏலாது. 'ஃபோகஸ்-விசிபிள்' என்று ஒன்று வந்துவிட்டது: கீபோர்டால் வந்தால் கோடு தெரியும், மவுஸால் லிங்க்கைக் கிளிக் பண்ணினால் தெரியாது. குரோமில் 2020, பயர்பொக்ஸில் 2021, சஃபாரியில் 2022இல் இருந்து இருக்கிறது. எல்லா பிரவுசரிலும் ஒரே மாதிரி வேணுமெண்டால், நல்ல தடிப்பான கோடொன்றை நீங்களே எழுதுங்கோ. அழிக்கிறது தீர்வில்லை.

'எங்கட சைட்டுக்கு அப்பிடியான ஆக்கள் வாறேல்லை' என்பார்கள். படிக்கட்டு மட்டும் கட்டிப்போட்டு, வீல்செயாரில் ஒருத்தரும் வாறேல்லை என்கிற கதைதான். வரவிட்டால்தானே வருவார்கள்!

நான் ஆர்ட்ஸ் படிக்கிற ஆள், கோடிங் என் பாடமில்லை. ஆனால் இதைச் சோதிக்கக் கோடிங் தேவையில்லை. மவுஸில் இருந்து கையை எடுங்கோ. நீங்கள் செய்த சைட்டில், இல்லாவிட்டால் தினமும் போகிற சைட்டில், பத்துத்தரம் டெப்பைத் தட்டுங்கோ. எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியாவிட்டால் செய்தவரிடம் கேளுங்கோ. செய்தது நீங்களென்றால், இண்டைக்கே அந்த வரியை அழியுங்கோ.