பிழைக் காசுக்கு உண்மை விலை சொல்வது யார்?

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவத்துடன் 1911-ல் இந்தியாவில் வெளியான வெள்ளி ரூபாயில், அவருடைய மேலங்கியில் தொங்கும் பதக்க மாலையில் ஒரு குட்டி யானை உண்டு. தும்பிக்கை குட்டையாக அமைந்துவிட்டதால் பார்த்தவர்கள் அதைப் பன்றி என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியது. அடித்திருந்த ஏறத்தாழ 94 லட்சம் காசுகளில் சுமார் 7 லட்சம்தான் அதற்குள் வெளியே போயிருந்தன, மற்றவை உருக்கப்பட்டன. 1912-ல் யானை யானையாகவே தெரியும்படி அச்சைத் திருத்தினார்கள். 'பன்றி ரூபாய்' என்று சேகரிப்பாளர்கள் தேடி அலைவது அந்த 1911 காசைத்தான். திருத்தம் நடந்த இடமோ ஒரு நெல்மணி அளவுகூட இருக்காது.

கைக்கு வரும் சில்லறையைத் திருப்பிப் பார்க்கும் ஆசை இப்படிப்பட்ட காசுகளால்தான் வளர்கிறது. அருமையான ஆசை. வரலாறு, உலோகம், எந்திரம், அரசியல் எல்லாவற்றையும் ஒரு ரூபாயில் படிக்கக் கற்றுத்தருகிற பொழுதுபோக்கு வேறு இல்லை. ஆனால் அந்த ஆசையைக் காசாக்கும் கூட்டம் ஒன்று தொலைபேசித் திரைகளில் நிறைந்திருக்கிறது.

வைஷ்ணவ தேவி உருவம் கொண்ட 5 ரூபாயும் 10 ரூபாயும் லட்சக்கணக்கில் விலைபோகும் என்று காணொளிகள் சொல்கின்றன. 2012-ல் அந்தக் கோயில் வாரியத்தின் வெள்ளிவிழாவையொட்டி வெளியாகி, கடைகளிலும் பேருந்துகளிலும் தாராளமாகப் புழங்கிய நினைவு நாணயங்கள் அவை. நம்பித் தொடர்புகொள்கிறவரிடம் முதலில் பதிவுக் கட்டணம் கேட்பார்கள். பிறகு வரி, கமிஷன். ரிசர்வ் வங்கியின் பெயரையே இதற்குப் பயன்படுத்தியதால், 2021 ஆகஸ்ட் 4 அன்று அந்த வங்கி எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நோட்டு, காசு வாங்கி விற்கும் வேலையில் தான் ஈடுபடுவதில்லை, தன் சார்பில் கட்டணம் வசூலிக்க யாருக்கும் அனுமதி தரவில்லை என்று அது தெளிவுபடுத்தியது. எச்சரிக்கை தேவைதான். ஆனால் எது பொய் என்று மட்டும் சொன்னால் போதாது. எது உண்மை என்று சொல்லவும் ஆள் வேண்டும்.

உண்மையான பிழை நாணயச் சாலைக்குள் பிறக்கிறது. உலோகத் தகட்டிலிருந்து வெட்டிய வில்லை, வளையம் ஒன்றுக்குள் உட்கார, மேலும் கீழும் இரண்டு அச்சுகள் அதை ஒரே அடியில் அழுத்துகின்றன. வில்லை விலகி உட்கார்ந்தால் உருவம் ஓரமாகப் போய்விடும். இதுதான் 'ஆஃப் சென்டர்'. முன்பு அடித்த காசு வெளியேறாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையின் ஒரு பக்கத்தில் அதே உருவம் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறி, பள்ளமாகப் பதியும், இது 'ப்ராக்கேஜ்'. அச்சிலேயே பிழை நேர்ந்தால் கதை வேறு. அமெரிக்காவில் 1955-ல் பிலடெல்பியா நாணயச் சாலையில் ஒரு சென்ட் காசுக்கான அச்சைத் தயாரிக்கும்போது, இரண்டாவது அழுத்தத்தில் அது சற்றே திரும்பிவிட்டது. ஆண்டும் வாசகமும் இரட்டையாக விழுந்தன. கவனிப்பதற்குள் 20,000-க்கும் மேற்பட்ட காசுகள் மற்ற காசுகளோடு கலந்துவிட, பிரிக்க முடியாமல் அப்படியே வெளியே விட்டார்கள். தானியங்கி எந்திரங்களில் விற்ற சிகரெட் பாக்கெட்டுகளில் மீதிச் சில்லறையாகச் செருகப்பட்டிருந்த சென்ட்களில் பல, இந்த இரட்டை எழுத்துக் காசுகள். இன்று அவை ஆயிரம் டாலருக்கு மேல் விலைபோகின்றன.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, எழுத்து லேசாக இரட்டித்துத் தெரியும் காசையெல்லாம் புதையல் என்று எண்ணிவிடக் கூடாது. அடிக்கும்போது அச்சு தளர்ந்து நகர்ந்தாலும் நிழல்போல ஒரு கோடு விழும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அந்தக் கோடு எழுத்தைவிடத் தாழ்வாக, வழித்துவிட்டதுபோலத் தட்டையாக இருக்கும். அதற்குத் தனி மதிப்பு இல்லை. அச்சிலேயே இரட்டித்த உண்மையான 'டபுள் டை'யில் இரண்டு எழுத்தும் உருண்டு திரண்டு நிற்கும். முனைகள் பிளந்து தெரியும். ரயில் தண்டவாளத்தில் நசுங்கியது, அமிலத்தில் கரைந்தது, சுத்தியலில் அடிபட்டது இவையெல்லாம் சேதமே தவிரப் பிழையல்ல.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. இந்திய நாணயத்தின் தலைப்பகுதியையும் அடிப்பகுதியையும் இரண்டு விரல்களால் பிடித்து, இடமிருந்து வலமாகத் திருப்புங்கள். மறுபக்கம் நேராக நிற்க வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ நின்றால், அடிக்கும்போது அச்சு சுழன்றிருக்கிறது என்று பொருள். அடுத்து ஆண்டுக்குக் கீழே பாருங்கள். வைரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. 1985-ஆம் ஆண்டு ஒரு ரூபாயில் 'எச்' என்ற எழுத்து தெரிந்தால், அது பர்மிங்காமில் ஹீட்டன் நாணயச் சாலையில் அடித்தது. உள்நாட்டுச் சாலைகளால் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாத காலத்தில் வெளிநாட்டிலிருந்து பெருமளவில் வரவழைத்த காசு அது. அதற்கும் லட்ச ரூபாய் விலை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மற்றவர் கண்ணில் படாததைக் கண்டுபிடிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. 1980-களில் 'தினமலர்' ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஒரு சிறு சதுரச் செப்புக் காசில் 'பெருவழுதி' என்ற தமிழ் பிராமி எழுத்துகளை அடையாளம் கண்டார். ஒரு பக்கம் குதிரை. மறுபக்கம் மீனின் கோட்டுருவம். சங்ககாலப் பாண்டியர் தம் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டார்கள் என்பதற்கு அது நேரடிச் சான்றானது. கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த காசுகளில் 'மாக்கோதை', 'குட்டுவன் கோதை' என்ற சேரர் பெயர்களும் வாசிக்கப்பட்டன. பளபளப்பாக இருக்கட்டும் என்று புளி போட்டுத் தேய்த்திருந்தால் இந்த எழுத்துகளில் எத்தனை மிஞ்சியிருக்கும்? பழைய காசைக் கழுவவே கூடாது என்று சேகரிப்பாளர்கள் தலைபாடாக அடித்துக்கொள்வது இதனால்தான்.

எது உண்மை என்று சொல்ல ஆள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டன் உதாரணம். அங்கே 2008-ல் 20 பென்ஸ் காசின் வடிவத்தை மாற்றியபோது, ஆண்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். தவறுதலாகப் புதிய பின்பக்க அச்சோடு பழைய முன்பக்க அச்சைப் பூட்டியதால், ஆண்டே இல்லாத காசுகள் வெளிவந்தன. ஆரம்பத்தில் இணைய ஏலத்தில் ஆயிரக்கணக்கான பவுண்டு கேட்டவர்கள் உண்டு. ஆனால் அந்நாட்டு நாணயச் சாலையான ராயல் மின்ட் பிழையை ஒப்புக்கொண்டது, நடந்ததை விளக்கியது, எண்ணிக்கை 50,000 முதல் 2 லட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டது. விலையும் நிதானத்துக்கு வந்தது. 2009-ஆம் ஆண்டின் கியூ தோட்ட 50 பென்ஸ் 2,10,000 மட்டுமே வெளியானது என்ற கணக்கும் அங்கே எல்லோருக்கும் தெரியும். கணக்கு வெளிப்படையாக இருக்கிற இடத்தில் புரளிக்கு இடம் குறைவு.

இங்கே ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கை எத்தனை காசுகள் வந்தன என்பதை மதிப்புவாரியாகத் தருகிறது. தேடுகிறவருக்கு வேண்டியது அதற்கும் அடுத்த படி: எந்தச் சாலை, எந்த ஆண்டு, எந்த வடிவம், எத்தனை. நான்கு நாணயச் சாலைகளையும் நடத்துவது மத்திய அரசு நிறுவனம்தான். அந்தக் கணக்கையும் சாலைக் குறிகளின் படங்களையும் உறுதிசெய்யப்பட்ட பிழைகளின் பட்டியலையும் தமிழ் உட்பட இந்திய மொழிகள் அனைத்திலும் அது வெளியிட வேண்டும். நூறாண்டு கடந்த காசைத் தொல்பொருள் சட்டப்படி வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, மண்ணில் கிடைத்த புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதிகளையும் அதே இடத்தில் எழுதிவைக்கலாம். வங்கிக் கிளைகளில் கள்ளநோட்டை அடையாளம் காட்டும் சுவரொட்டிக்குப் பக்கத்திலேயே இதையும் ஒட்டலாம். உண்டியலை உடைத்து 1985-ஆம் ஆண்டு ஒரு ரூபாய்க் காசை எடுத்துக்கொண்டு வருகிற ஒரு பள்ளி மாணவிக்கு, பதிவுக் கட்டணம் கேட்பவன் பதில் சொல்வதற்கு முன் அரசு பதில் சொல்லியிருக்க வேண்டும்.