கரையில் நின்று குறை சொல்வோர்

புதுக்கோட்டை மாவட்டத்து நீர்நிலைகளைப் பற்றி எங்கள் நண்பர் ஒருவர் கணினியில் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். கண்மாய் நிறைந்ததும் மிகைநீர் வழிந்தோடுவதற்காகக் கட்டப்பட்ட கல்கட்டுமானத்தை இங்கே கலுங்கு என்பார்கள். அச்சொல்லைத் தட்டியவுடன் அதன் கீழே சிவப்புக் கோடு விழுந்தது. 'கலுங்கில்' என்று எழுதினார், அங்கும் கோடு. அன்று மாலை நண்பர்கள் கூடியபோது இதுவே பேச்சாயிற்று. தமிழ் தெரியாதவர்கள் தமிழுக்கு மென்பொருள் செய்தால் இப்படித்தான் ஆகும் என்றார் ஒருவர். அரசு என்ன செய்கிறது என்றார் இன்னொருவர். பல்கலைக்கழகங்களை ஒருவர் வைதார். இருமுறை தேநீர் வந்து போயிற்று. அந்தச் சொல்லை அகராதியில் சேர்க்க என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நாங்களும்தான் கேட்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறோம்.

எங்கள் குற்றச்சாட்டு இதுதான்: தமிழ் இலக்கிய வாசகர்களாகிய நாம், கணினித் தமிழின் குறைகளைப் பட்டியலிடுவதில் வல்லவர்கள், அவற்றில் ஒன்றையேனும் திருத்திக் கொடுப்பதில் சோம்பேறிகள். அந்தச் சோம்பலுக்குப் 'படைப்பாளியின் மனநிலை' என்று பெயரும் சூட்டிக்கொண்டிருக்கிறோம்.

சிவப்புக் கோட்டின் பின்னால் இருப்பது என்ன? லிப்ரே ஆபிஸ், ஃபயர்ஃபாக்ஸ் முதலான கட்டற்ற மென்பொருள்கள் எழுத்துப்பிழை பார்க்க ஹன்ஸ்பெல் என்னும் நிரலைப் பயன்படுத்துகின்றன. ஹங்கேரி மொழிக்காக உருவானது அது. தமிழைப் போலவே அம்மொழியிலும் சொல்லின் பின்னே விகுதிகள் அடுக்கடுக்காக ஒட்டும். ஹன்ஸ்பெல் அகராதி இரண்டு கோப்புகளால் ஆனது, இரண்டுமே வெறும் உரைக்கோப்புகள். ஒன்றில் வரிக்கு ஒரு சொல். ஒவ்வொரு சொல்லின் அருகிலும் அது எந்த வகையைச் சேர்ந்தது என்பதற்கு ஓர் அடையாளக் குறி. மற்றதில் அந்தந்த வகைக்கு எந்தெந்த விகுதி எப்படி ஒட்டும் என்ற விதிகள். இதைத் திறந்து பார்க்க எந்தப் பட்டமும் வேண்டியதில்லை.

ஆனால் அதில் ஒரு சொல்லைச் சேர்க்க ஒன்று வேண்டும். 'காடு' வேற்றுமை ஏற்கும்போது 'காட்டில்' ஆகிறது. 'கிணறு' 'கிணற்றில்' ஆகிறது. 'கலுங்கு' அப்படி இரட்டிப்பதில்லை. 'கலுங்கில்' என்றே நிற்கிறது. முதல் இரண்டும் நெடில்தொடர், உயிர்த்தொடர்க் குற்றியலுகரங்கள், மூன்றாவது மென்தொடர். நன்னூல் படித்தவர்க்கு இது முதல் வகுப்புப் பாடம். நிரல் எழுதும் இளைஞருக்கு இது தெரியாமலிருக்கலாம். அவருக்குத் தெரியாதது நமக்குத் தெரியும். தெரிந்தும் நாம் வாய் திறப்பது வசைபாட மட்டுமே. அப்படியானால் தமிழுக்குத் துரோகம் செய்பவர் யார்?

திருத்தத்தை அனுப்பும் முறையும் அப்படியொன்றும் மாயவித்தை அன்று. 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் கருநிரலின் மாற்றங்களைப் பேணுவதற்காகக் 'கிட்' என்ற கருவியை எழுதத் தொடங்கினார். அதுவரை அவர்கள் பயன்படுத்திய வணிகக் கருவியின் இலவச அனுமதி நிறுத்தப்பட்டதே காரணம். இன்று உலகின் பெரும்பாலான திறமூலத் திட்டங்கள் கிட்டைக் கொண்டே இயங்குகின்றன. மூலத்தை வரலாற்றோடு நம் கணினிக்கு நகலெடுக்கிறோம். அதிலிருந்து ஒரு கிளை பிரிக்கிறோம். கிளையில் திருத்துகிறோம். என்ன திருத்தினோம், ஏன் திருத்தினோம் என்று குறிப்பெழுதிப் பதிகிறோம். பின்பு அதை மூலத்தோடு இணைத்துக்கொள்ளுமாறு கோரிக்கை அனுப்புகிறோம். திட்டத்தைப் பராமரிப்பவர் படித்துப் பார்த்து ஏற்கிறார், அல்லது காரணம் சொல்லித் திருப்பி அனுப்புகிறார். இதழுக்குக் கதை அனுப்பிப் பழகிய நமக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது? பல இதழ்கள் திருப்பி அனுப்பும்போது காரணம் சொல்வதில்லை. புதிது அது ஒன்றுதான்.

இலக்கியவாதி மதிக்க வேண்டிய ஒரு குணம் கிட்டுக்கு உண்டு. எழுதியவர் பெயரையும், அதை ஏற்றுப் பதிந்தவர் பெயரையும் அது தனித்தனியே குறித்து வைக்கிறது. ஒவ்வொரு பதிவின் அடையாளமும் முந்தைய பதிவிலிருந்து கணக்கிடப்படுவதால், பழைய ஒன்றை இரகசியமாக மாற்றினால் அதன் பின்வந்தவை யாவும் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். உ.வே.சாமிநாதையர் ஏடுகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தபோது தாம் கண்ட பாடபேதங்களைக் குறித்து வைத்தார். தமக்குச் சரியென்று பட்டதை மட்டும் அச்சிட்டு, மற்றதை அழித்துவிடவில்லை. 1894-இல் புறநானூறு அவ்வாறுதான் நம் கைக்கு வந்தது. இன்றோ இணையத்தில் பழந்தமிழ் நூல்களின் மின்பிரதிகள் ஒன்றிலிருந்து மற்றொன்றாக நகலாகிப் பரவுகின்றன. யார் தட்டச்சு செய்தார், எந்தப் பதிப்பைப் பார்த்தார், யார் எங்கே மாற்றினார் என்ற சுவடே பலவற்றில் இல்லை. பாடபேதத்திற்காகப் பக்கம் பக்கமாகச் சண்டையிடும் நாம், மாற்றங்களின் வரலாற்றை வரிக்கு வரி காக்கும் ஒரு கருவியை 'அது கணினிக்காரர் சமாச்சாரம்' என்று ஒதுக்குகிறோம்.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதை வேறு விதமாகவும் சொல்லலாம். பேராறு ஒன்றும் வளப்படுத்தாத இம்மண்ணை ஆயிரக்கணக்கான கண்மாய்கள் காப்பாற்றின. கண்மாய்களைக் காப்பாற்றியது குடிமராமத்து. பாசனம் பெறுகிற குடிகள் ஆண்டுதோறும் கூடி வண்டல் அள்ளுவார்கள், கரை உயர்த்துவார்கள், மடை பார்ப்பார்கள். பொதுப்பணித்துறை பார்த்துக்கொள்ளும் என்று ஊர் கரையில் அமரத் தொடங்கியபோது கண்மாய் தூர்ந்தது. கஜா புயல் 2018 நவம்பரில் அடித்துப்போட்ட பின், 2019-இல் கொத்தமங்கலம் இளைஞர்கள் தாமே முன்வந்து நீர்நிலைகளைத் தூர்வாரினார்கள். நீரியல் பட்டம் பெற்ற பின்புதான் மண்வெட்டியைத் தொடுவோம் என்று அவர்கள் சொல்லவில்லை. திறமூல மென்பொருளும் ஒரு கண்மாய்தான். எல்லோரும் நீர் எடுக்கிறோம். மண் அள்ள மட்டும் யாரோ நாலு பேர்.

மறுப்புகள் எங்களுக்குத் தெரியும். 'நம் இலவச உழைப்பைப் பெருநிறுவனங்கள் தின்னும்' என்பது முதலாவது. இதில் உண்மை உண்டு. திருத்தங்கள் பெரும்பாலும் வந்து குவியும் கிட்ஹப் தளத்தையே 2018-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டது. ஆனால் கண்மாய் நீர் பெரிய பண்ணையாரின் வயலுக்கும் பாய்கிறது என்பதற்காகச் சிறுவிவசாயி வண்டலை விட்டுவைத்தால் முதலில் காய்வது யாருடைய பயிர்? மேலும், ஜிபிஎல் போன்ற உரிமங்கள், மாற்றி விநியோகிப்பவர் மூலநிரலையும் தர வேண்டும் என்று கட்டுப்படுத்துகின்றன. கிட்டில் பொதுவாக ஒவ்வொருவர் நகலிலும் முழு வரலாறும் இருக்கிறது. ஓர் இடம் பாழ்பட்டால் வேறிடத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போகலாம்.

'இந்த வயதில் இதையெல்லாம் கற்க முடியுமா' என்பது அடுத்தது. 1990-களின் தொடக்கத்தில் இதே மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. கல்லுடைத்த பெண்கள் வேலை முடிந்து வந்து அரிக்கேன் வெளிச்சத்தில் அகரம் எழுதினார்கள். ஊர் சிரித்தபோதும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அவர்கள் நடந்த ஊரில் இருந்துகொண்டு, நான்கு கட்டளைகளைக் கற்க இயலாது என்று நாம் சொல்வது கூச்சமற்ற செயல்.

மென்பொருள் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வழிகாட்டிக் குறிப்புகளைத் தமிழில் எழுதுங்கள். முதல் திருத்தத்தோடு வருபவரைக் கலைச்சொல்லால் அடித்து விரட்டாதீர்கள். மாதக்கணக்கில் பதில் சொல்லப்படாமல் கிடக்கும் கோரிக்கை, அழைத்துவிட்டு இலை போடாத விருந்துக்குச் சமம்.

நாங்கள் 'கலுங்கு' என்ற சொல்லை அனுப்பினோம். முதல் முறை திரும்பி வந்தது. வகைக்குறியைத் தவறாக இட்டிருந்தோம். இலக்கணம் தெரியும் என்று மார்தட்டிய நாங்கள்தான். பார்த்தவர் இரண்டு வரியில் பிழையைச் சுட்டியிருந்தார். திருத்தி மறுபடி அனுப்பினோம், ஏற்கப்பட்டது. நடுவே நாங்கள் செய்த பிழையும் வரலாற்றில் அப்படியே இருக்கிறது. இருக்கட்டும்.

இது ஒரு சொல்லின் கதை மட்டும் அன்று. சிவப்புக் கோட்டைக் கண்ட பள்ளி மாணவர் தம் பாட்டி சொன்ன சொல்லைத் தவறென்று நம்பி அழித்துவிடுவார். அச்சில் ஏறாமல் பேச்சில் மட்டும் வாழும் வட்டாரச் சொற்கள் இப்படித்தான் ஓசையின்றிச் சாகும். வரத்து வாரி, ஊருணி, ஏந்தல், குமிழி, மடை என்று இவ்வட்டாரத்தின் நீர்ச்சொற்களை நாங்கள் தொகுக்கத் தொடங்கியிருக்கிறோம். அடுத்த கூட்டத்திற்கு வருபவர்கள் கணினித் தமிழைப் பற்றிய கருத்துகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவும். ஆளுக்குப் பத்துச் சொல் கொண்டுவந்தால் போதும்.