பெயருக்கு முன்பதிவு, உரிமை யாருக்கு?



கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால், மிளகும் காபியும் தினையும் சாமையும் விளையும் நிலங்களைக் காணலாம். சந்தையில் 'கொல்லிமலை மிளகு' என்றால் தனி மதிப்பு. அம்மதிப்பை ஈட்டியது தலைமுறை தலைமுறையாக அம்மண்ணில் உழைத்த மலைவாழ் மக்களின் வியர்வையே. ஆயின், இணையத்தில் அப்பெயரால் முகவரி அமைக்கும் உரிமை யாருக்கு?

இணைய முகவரிகளின் இறுதியில் '.காம்', '.இன்' என விகுதிகள் வருவதை அறிவோம். புதிய விகுதியொன்று திறக்கப்படும்போது, பிறர் பெயரைக் கைப்பற்றிப் பெருவிலைக்கு விற்போரைத் தடுக்கும் பொருட்டு, வணிகச் சின்ன உரிமையாளர்களுக்கு முன்பதிவு வாய்ப்பளிப்பது வழக்கம். 2005இல் '.இன்' விகுதி அனைவருக்கும் திறக்கப்பட்டபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. ஜனவரி 1 முதல் 21 வரை, இந்தியாவில் பதிவுபெற்ற சின்னம் உடையோர்க்கு மட்டும். பிப்ரவரி 16 முதல், முந்தி வந்தோர்க்கெல்லாம்!

நோக்கம் நன்று. ஆனால், சான்றிதழ் வைத்திருப்பவருக்கே முதலிடம் கிடைத்தது. சான்றிதழில்லாத விவசாயியும் சிறு கடைக்காரரும், பெயர் பறிக்க வந்தவரோடு ஒரே வரிசையில் நிற்க நேர்ந்தது.

இத்தனைக்கும், 2004இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், இணைய முகவரிப் பெயருக்கும் வணிகச் சின்னத்தைப் போன்ற பாதுகாப்பு உண்டென்றும், பயன்பாட்டால் ஈட்டிய நற்பெயர் காக்கப்பட வேண்டுமென்றும் தீர்ப்பளித்திருந்தது. எனினும், பறிபோன பின் வழக்காடி மீட்பது ஏழைக்கு எளிதா?

தரிசு நிலத்தைக் கல் நட்டு வளைத்துவிட்டு, மூன்றாண்டுகள் பயிரிடாமல் போட்டவருக்கு அதில் உரிமையில்லை என்பது ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பாக நம் சட்ட நூல்கள் கூறுவது. பெயர்களுக்கும் இந்நெறி பொருந்தாதா? பயன்படுத்தாமல் முடக்கிய பெயர் மீண்டும் பொதுவுக்குத் திரும்ப வேண்டும். ஊர்ப் பெயரும் மலைப் பெயரும் முன்பதிவின்போது அவ்வூராருக்கென ஒதுக்கப்பட வேண்டும்.

அதுவரை நாமும் வாளாவிருத்தல் தகாது. 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம், சங்கமாக இணைந்தோர் கூட்டுச் சின்னம் பெற இடமளிக்கிறது. அதே ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் மண்ணின் பெயருக்குக் காப்பளிக்கிறது. தனித்தனியே நின்றால் பெயரை இழப்போம், ஒன்றுபட்டால் காப்போம். சிந்திப்போமாக!