கிறீன் வைத்தியரும் எங்கள் வாசிகசாலையும்

சென்ற ஆண்டு எங்கள் கிராமத்து வாசிகசாலையில் ஒரு கூட்டம் நடைபெற்றது. கடல்கடந்த நாடொன்றிலிருந்து இயங்கும் தருமதாபனம் ஒன்று கிணறுகளைத் திருத்தித்தர முன்வந்திருந்தது. நல்ல காரியம், அதில் எவருக்கும் ஐயமில்லை. வந்திருந்த வெள்ளைக்காரப் பெண்மணி முகமலர்ச்சியோடு கைகூப்பினார். உடன்வந்த இளைஞர்களோ நம்மவர்கள். ஆயினும் கூட்டம் முழுவதும் ஆங்கிலத்திலேயே நடந்தது. ஈற்றிற் பல பக்கங்கொண்ட ஆங்கிலப் படிவமொன்று கைக்குக் கை மாறிற்று. எண்பது வயதைத் தாண்டிய ஆச்சியொருவர், "தம்பி, இதிலை என்ன எழுதியிருக்கு?" என்று வினவினார். "அது உங்களுக்கு விளங்காது ஆச்சி, கையெழுத்தை மட்டும் வையுங்கோ" என்பது கிடைத்த மறுமொழி. கோயிலிற் கந்தபுராணத்துக்குப் பயன்சொல்லக் கேட்டு வளர்ந்தவர் அந்த ஆச்சி. அவருக்கு ஒன்று விளங்காது என்று ஒருவர் சொல்ல நான் கேட்டது அன்றுதான்.

சில நாள் கழித்து, தமிழில் அச்சிட்ட துண்டுப்பிரசுரமொன்றை ஓரிளைஞர் என்னிடங் கொணர்ந்து, பிழை இருப்பிற் சொல்லும்படி கேட்டார். அதில் ஊரவர் அனைவரும் 'பங்குதாரர்' எனப்பட்டிருந்தனர். இதனை முன்னரே படித்திருந்த புகையிலைத் தோட்டக்காரர் ஒருவர், "பண்டிதர் ஐயா, எங்களுக்கு எத்தனை பங்கு?" என்று என்னைக் கேட்டார். சிரித்துவிட்டேன். வீடு சென்று சிந்தித்தபோது அவர் கேட்டதே சரியான கேள்வி என்று பட்டது.

வெளிநாட்டுத் தருமம் நமக்குப் புதியதன்று. அமெரிக்காவில் பொஸ்ரன் நகரை இருப்பிடமாகக் கொண்ட மிஷன் சபை 1816இல் யாழ்ப்பாணம் வந்தது. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தோன்றிற்று. பிள்ளைகளின் செலவை அமெரிக்க அன்பர்கள் பொறுப்பேற்பதும், அவர்கள் விரும்பிய பெயரை இங்குள்ள பிள்ளைக்கு இடுவதும் அக்கால வழக்கம். சிதம்பரப்பிள்ளையும் விசுவநாதனும் இவ்வாறே நெவின்ஸ் என்றும் கறோல் என்றும் மறுபெயர் பெற்றனர். கொடுப்பவன் பெயரை வாங்குபவன் சுமப்பது எனக்கு உவப்பானதன்று. அப்பெயர்களின் கதி யாதாயிற்று என்பதற்கு ஒரு சான்று போதும். தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றிய தாமோதரம்பிள்ளை ஆங்கிலத்திற் சார்ள்ஸ் வின்ஸ்லோ. தமிழில் அவர் சி. வை., சிறுப்பிட்டி வைரவநாதர் மகன். இரண்டெழுத்துக்குள் அவர் ஊரையும் தந்தையையும் மீட்டுக்கொண்டார்.

நான் சைவன். மதம் பரப்ப வந்த சபைக்குப் புகழ்மாலை சூட்டும் நோக்கம் எனக்கில்லை. நாவலர் பெருமான் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதே மிஷன் பள்ளிகளுக்கு விடையாகத்தான். ஆனால் அதே ஆண்டில் மானிப்பாயில் வைத்தியப் பணியும் வைத்தியக் கல்வியும் தொடங்கிய ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லாது விடுதல் நன்றியன்று. அவர் மசாச்சுசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன்.

கிறீன் வைத்தியர் முதலில் ஆங்கிலத்திலேயே மாணாக்கருக்குக் கற்பித்தார். பின்னர், 1864 முதலாகத் தமிழிற் கற்பிக்கத் தொடங்கினார். சொல்லுவது எளிது. பாடநூல் எங்கே? நரம்புக்கும் நாடிக்கும் சுரப்பிக்கும் ஐயந்திரிபறச் சொற்கள் எங்கே? அவரும் அவர்தம் தமிழ் மாணாக்கரும் அருகிருந்து ஒவ்வொன்றாகத் தேடினர். ஆங்கில வைத்திய நூல்கள் தமிழ்ப் பெயர் பெற்று வெளிவந்தன: 1867இல் இரணவைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும், 1875இற் கெமிஸ்தம். இந்தக் கடைசிப் பெயரை என்னைக் கேட்டிருந்தால் ஒப்பியிரேன். 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்னும் இன்னொரு பெயரை ஒரே மூச்சிற் சொல்லிமுடிக்கும் மாணவனுக்கு நான் பரிசு தரவுஞ் சித்தமாயிருக்கிறேன். வடமொழி மிகுதிதான், அக்காலப் பண்டிதர் நடையும் அதுவே. ஆனால் நடந்தது என்ன என்று பாருங்கள். செமினரியில் தமிழ்ப் பிள்ளை அமெரிக்கப் பெயர் பெற்றான். மானிப்பாயில் மேனாட்டு நூல் தமிழ்ப் பெயர் பெற்றது. முன்னதிற் கொடுத்தவர் தம்மைப் பதித்துவிட்டுப் போனார். பின்னதிற் கொடுத்தவர் நம்மிடம் வந்து மாணவனாக அமர்ந்தார்.

1873இல் அவர் தாய்நாடு மீண்டார். மீண்டபின்னும் தமிழை விட்டாரல்லர். மனுஷ சுகரணம் 1883இலும் இந்து பதார்த்த சாரம் 1884இலும் வெளிவந்தன. அவர் மறைந்ததும் அந்த 1884இலேயே. 60க்கு மேற்பட்ட வைத்தியரை அவர் பயிற்றினார். அவருட் 33 பேர் தமிழிலேயே கற்றவர்.

ஒரு தடையை வாசகர் எழுப்பக்கூடும். பொஸ்ரன் சபையுந் தமிழ்வழிக் கல்வியைத்தானே வற்புறுத்திற்று என்பர். உண்மை. 1855இல் சபையின் தூதுக்குழு இங்கு வந்து பார்த்தது. ஆங்கிலம் படித்த பிள்ளைகள் உத்தியோகம் நாடிப் போகின்றனர், சமயப் பணிக்கு வருகின்றாரில்லை என்று கண்டது. அந்த ஆண்டே செமினரி மூடப்பட்டது. இனித் தாய்மொழியே போதும் என்றனர். இதுவுந் தமிழ்; கிறீன் வைத்தியர் செய்ததுந் தமிழ். இரண்டும் ஒன்றா? ஒருவர் கதவை அடைத்துவிட்டு, உனக்கு இந்த அறை போதும் என்றார். மற்றவர் அறைக்குள்ளேயே உலகத்தைக் கொண்டுவந்து வைத்தார். ஊர்ப்பிள்ளைகளுக்கு எது வேண்டும் என்பதை ஊரவரைக் கேளாமற் கடலுக்கு அப்பாலிருந்து தீர்மானித்தால், தாய்மொழியுங்கூட ஒரு வேலியாகிவிடும். உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் அத்தீர்மானத்தோடு அடங்கிவிடவில்லை. அவர்களின் வேண்டுகோளும் முயற்சியுமே 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரியாக அதே வட்டுக்கோட்டையில் உருப்பெற்றன. தருமதாபனத்திற் சமூகம் பங்குகொள்ளல் என்று இன்று மேடைகளிற் பேசப்படுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் அறியேன். அது தாபனம் ஏற்பாடு செய்த பங்கன்று, ஊரவர் தாமே எடுத்துக்கொண்ட பங்கு.

இன்று வரும் தாபனங்கள் மதம் மாற்ற வருவனவல்ல. அந்த அச்சம் எனக்கில்லை. பலவற்றுக்குப் பணம் அனுப்புவோர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள நம் சொந்தப் பிள்ளைகளே. ஆகவே குறையை வெள்ளைக்காரர் தலையிற் போட்டுவிட்டுத் தப்ப முடியாது. அந்தப் பெண்மணி ஆச்சியின் கையைப் பிடித்து ஏதோ கேட்க முயன்றார். நடுவில் நின்ற நம் இளைஞர்தாம் நேரமில்லை என்று அழைத்துச் சென்றார். கிணற்றுக்கட்டு, துலா, பட்டை, தொட்டி, வாய்க்கால் என்று ஊரார் நாவில் வாழும் சொற்கள் எத்தனை! எந்த மாதம் எந்தக் கிணற்றில் நீர் உவராகும் என்பது அந்த ஆச்சிக்குத் தெரியும். அவரைக் கேட்டவர் எவருமில்லை. கிணறு திருந்தும், ஆனால் வந்தவர்களும் ஒன்றுங் கற்காமற் போவர், நாமும் அவர்களிடம் ஒன்றுங் கற்கமாட்டோம். இதனைப் பண்பாட்டுப் பரிமாற்றம் என்று அத்துண்டுப்பிரசுரத்தின் முகப்பில் அச்சிட்டிருக்கிறார்கள்.

அப்பிரசுரத்தைத் திருத்திக் கொடுத்தேன். அச்சு முடிந்துவிட்டது, அடுத்த முறை பார்ப்போம் என்றார் இளைஞர். படிவத்தையாவது தமிழில் எழுதித் தருகிறேன், ஆச்சியை அருகில் இருத்தி வாசித்துக் காட்டியே எழுதுவேன், கூலி வேண்டாம் என்று தாபனத்துக்கு ஒரு கடிதம் விடுத்தேன். அவர்கள் சிரமப்படாதிருக்க ஆங்கிலத்திலேயே எழுதினேன். இதுவரை மறுமொழி வரவில்லை.