சாப்பாட்டு மேஜையில் ஒரு சுரங்கம்

தொடர்கதைகளில் ராஜகுமாரிகள் சுரங்கப்பாதை வழியாகத் தப்பிப் போவதை நேயர்கள் படித்திருப்பீர்கள். சென்ற மாதம் ஒரகடத்தில் என் சித்தி பெண்ணின் வீட்டில், சாப்பாட்டு மேஜையிலேயே அப்படி ஒரு சுரங்கத்தைக் கண்டேன்!

ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோயில் போகும் சாலையில் இப்போது திரும்பிய பக்கமெல்லாம் தொழிற்சாலைகள். அவற்றில் ஒன்றில்தான் அவளுக்கு உத்தியோகம். அன்று குழந்தைக்கு ஜுரம், லீவு போட்டுவிட்டாள். ஆனால் ராத்திரி ஷிப்டின் பரிசோதனைக் கணக்கை அவள் பார்த்து ஒப்புதல் தந்தால்தான் விடியற்காலையில் சரக்கு லாரி கிளம்பும். கணக்கோ தொழிற்சாலைக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. வெளியிலிருந்து யாரும் அதற்குள் நுழைய முடியாது.

"அதற்குத்தான் அக்கா, வி.பி.என்!" என்றாள்.

விஷயம் இதுதான். கடிதத்தைப் பூட்டிய பெட்டியில் வைத்து, மேலே ஆபீஸ் விலாசத்தை மட்டும் எழுதி அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். வழியில் தபால்காரர் பெட்டியைப் பார்க்கலாம். உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது. ஆபீசில் உள்ள சாவிதான் அதைத் திறக்கும்.

அவள் ஆபீசில் உபயோகிப்பது 'வயர்கார்டு' என்ற மென்பொருள். விண்டோஸ் மடிக்கணினியானால் வயர்கார்டின் சொந்தத் தளத்திலிருந்துதான் இறக்க வேண்டும். நிறுவும்போது நிர்வாகியின் அநுமதி கேட்கும். பிறகு ஆபீசில் கொடுத்த சிறு கோப்பைச் சேர்த்து 'ஆக்டிவேட்' அழுத்தினால் சுரங்கம் திறந்துகொள்கிறது. மாக், ஐபோன் இரண்டுக்கும் ஆப் ஸ்டோரில் கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் இன்னும் சுலபம்: ஆபீஸ் தரும் கியூ.ஆர். கட்டத்தைக் காமிராவுக்குக் காட்டினால் போதும். இணைந்ததும் போனின் மேல் ஓரத்தில் குட்டிச் சாவி ஒன்று தோன்றும். லினக்ஸில் 2020 முதல் உட்கருவிலேயே இது சேர்ந்திருக்கிறது. ஆனால் அங்கே கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

எல்லாம் சரியாகத்தான் செய்தாள். ஆனாலும் கணக்கு ஒரு நிமிஷம் வரும், மறு நிமிஷம் நின்றுவிடும். மணி பன்னிரண்டு. குழந்தை சிணுங்குகிறது. மாப்பிள்ளை தூக்கக் கலக்கத்தில், "இலவச வி.பி.என். எத்தனையோ இருக்கிறதே, ஒன்றைப் போட்டுக்கொள்ளேன்" என்றார்.

நல்ல யோசனை! அந்தச் சுரங்கம் தொழிற்சாலைக்குப் போகாது. யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லைக்குப் போகும். 'ஒனாவோ' கதை தெரியுமல்லவா? 2013-ல் பேஸ்புக் வாங்கிய கம்பெனி அது. உங்கள் தகவல்களைப் பாதுகாக்கிறோம் என்று இலவச வி.பி.என். கொடுத்தார்கள். ஜனங்கள் வேறு எந்தெந்தச் செயலிகளை உபயோகிக்கிறார்கள் என்று அதன் மூலமே கவனித்து வந்தார்கள். 2018-ல் ஆப்பிள் கடையிலிருந்து அது போயிற்று. 2019-ல் மூடியே விட்டார்கள். 2023-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் பேஸ்புக்கின் இரண்டு துணைக் கம்பெனிகளுக்கு 2 கோடி டாலர் அபராதம் போட்டது.

கடைசியில் கோளாறு அகப்பட்டது. ஒரே கோப்பை மடிக்கணினியிலும் போனிலும் சேர்த்திருந்தாள்! ஒரு சாவிக்கு ஒரு விலாசத்தைத்தான் ஆபீஸ் யந்திரம் நினைவு வைத்துக்கொள்ளும். கடைசியாக எங்கிருந்து செய்தி வந்ததோ, அங்கேதான் பதிலை அனுப்பும். ஆகவே பாதிப் பதில்கள் போனுக்குப் போய்க்கொண்டிருந்தன. கருவிக்கு ஒரு கோப்பு என்று ஆபீசில் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டுமாம்.

போனில் சுரங்கத்தை மூடினாள். கணக்கு மளமளவென்று வந்தது. ஒன்றரை மணிக்கு ஒப்புதல் போயிற்று. அவள் மடிக்கணினியை மூடுவதற்குள் நான் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். வியர்த்திருந்தது.